சைக்கிளுக்கு உகந்த சாலைகள்

(திருவள்ளூர் மாவட்டம், மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த காட்டூரில் கூடிய ஊர்ப் பொதுமக்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், இளைஞர்கள் ஆகியோரிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை.)



குடிநீர், தெருவிளக்கு, வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றிப் பேசவே வட்டார வளர்ச்சி அலுவலர் ஊருக்குள் வருவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சைக்கிள். இது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் உங்களில் சிலர் என்னிடம் ஒரு மனுவைத் தந்திருக்கிறீர்கள். வயல்வெளியினூடே செல்லும் பக்கச் சாலையை அகலப்படுத்தித் தரவேண்டும் என்பது அம்மனு. வேறு சிலர், அதே சாலையை இருக்கிற அகலத்திலேயே செப்பனிட்டால் போதும் என்று வாய்மொழியாகச் சொன்னீர்கள். இவ்விரண்டு கோரிக்கைகளுக்கும் நடுவே ஒரு சைக்கிள் நிற்கிறது. அதனால்தான் இன்று அதைப் பற்றிப் பேச வந்தேன்.

சென்ற பனிக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இவ்வழியே வந்தேன். தலைக்கவசம் அணிந்த பத்துப் பன்னிரண்டு பேர், மெல்லிய டயர் பூட்டிய சைக்கிள்களைத் தேநீர்க் கடை வாசலில் சாய்த்துவிட்டு நின்றிருந்தார்கள். சென்னையிலிருந்து இருட்டோடு புறப்பட்டுப் பழவேற்காடு வரை மிதித்துச் சென்று திரும்புகிறவர்கள். கடையருகே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் என்னைப் பார்த்து, "இவங்களுக்கு இங்க என்னா சார் வேலை?" என்று கேட்டார். "ஒரு வேலையும் இல்லை ஆயா, சும்மா ஊர் பார்க்க வந்திருக்கிறார்கள்" என்றேன். "சும்மா பாக்கறதுக்கா இவ்ளோ தூரம் மிதிச்சாங்க?" என்று அவர் வியந்தது இன்னும் என் காதில் நிற்கிறது.

அந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிடக்கூடாது. சென்னையைச் சுற்றிலும் சைக்கிளை அச்சமின்றி ஓட்டக்கூடிய சாலைகள் நாளுக்கு நாள் அருகி வருகின்றன. நம் ஒன்றியத்திலேயே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குச் செல்லும் பெருஞ்சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் இரவு பகல் ஓடுகின்றன. எண்ணூர்த் துறைமுகம் 2001-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. காட்டுப்பள்ளித் துறைமுகம் அதற்குப் பின்னர் வந்தது. தொழில் வளர்ச்சிக்கு அவை இன்றியமையாதன. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அச்சாலைகளில் சைக்கிள் மிதிக்கிறவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும். ஆகவே, லாரி எட்டிப் பாராத வயல்வழிச் சாலை ஒன்று இங்கே கிடைப்பது அவர்களுக்கு ஒரு புதையல். அத்தகைய சாலை உங்களிடம் இருக்கிறது என்பதை உங்களுக்கே எடுத்துச் சொல்வது என் முதல் வேலை.

நம் பகுதியின் இயற்கை அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். மேட்டு நிலமோ மலையோ கிடையாது, நாற்புறமும் சமவெளி. ஆரணியாற்று நீரால் நிரம்பும் காட்டூர் ஏரி ஒருபுறம், தத்தைமஞ்சி ஏரி மறுபுறம். இவ்விரண்டையும் இணைத்து நீர்த்தேக்கமாக்கும் வேலை அண்மை ஆண்டுகளில் எடுத்துக்கொள்ளப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். ஏரிக்குக் கீழே நெல் வயல், வரப்போரத்தில் பனைமரங்கள். கிழக்கே போகப் போக மண்ணில் உப்பு ஏறுகிறது; நெல் மறைந்து சவுக்கும் உவர் நிலமும் தென்படுகின்றன. பிறகு பக்கிங்காம் கால்வாய்; அதற்கப்பால் பழவேற்காட்டு ஏரி. ஒடிசாவிலுள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. நன்னீர் ஏரிக் கரையில் புறப்பட்டு, சில மணி நேரத்தில் உவர்நீர் ஏரிக் கரையை அடைந்து, பழவேற்காட்டுப் பாலத்தைக் கடந்து கடலையும் கண்டு திரும்பக்கூடிய சைக்கிள் பயணம் தமிழ்நாட்டில் வேறெங்கும் இவ்வளவு குறைந்த தூரத்தில் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மீஞ்சூரும் பொன்னேரியும் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில் நிற்கும் நிலையங்கள். பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மீஞ்சூரிலிருந்து காட்டூர் வழியாகவும் வரலாம். ஒரு வழியே போய் மறு வழியே திரும்பினால் ஒரு வட்டம் முடிகிறது. போன வழியிலேயே திரும்புவதைச் சைக்கிள்காரர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமவெளியில் சைக்கிள்காரனுக்கு மலை இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கும். எதிர்காற்றில் மிதிப்பது மேடேறுவதற்கு ஒப்பானது. கோடைக் காலத்தில் விடியற்காலையில் நிலத்துக் காற்று மேற்கிலிருந்து மெல்ல வீசும். பகலில் நிலம் சூடேறியதும் கடற்காற்று கிழக்கிலிருந்து கிளம்பும். விடியலில் புறப்பட்டுக் கிழக்கு நோக்கிப் போகிறவனுக்குப் போகும்போதும் காற்று முதுகில். பிற்பகலில் திரும்பும்போதும் காற்று முதுகில். மீனவர்கள் இந்தக் கணக்கைப் பாய்மரத்தில் தலைமுறை தலைமுறையாகப் போட்டு வந்திருக்கிறார்கள். வாடை பிறந்துவிட்டால் இக்கணக்குப் பொய்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் சேர்ந்து, கரைகளின் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அடைத்துக்கொண்டு வண்டியை நகரவொட்டாது. தை, மாசி மாதங்களே மிக உகந்தவை. ஏரியில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நிற்பதும் அப்பருவத்தில்தான்.

பறவைகளைக் காரில் சென்று பார்ப்பதற்கும் சைக்கிளில் சென்று பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. கார்க் கதவு சாத்தப்படும் ஓசைக்கே அவை எழுந்துவிடும். தமிழ்நாட்டுப் பகுதியிலுள்ள பழவேற்காட்டு ஏரி 1980-ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஓசையின்றி வந்து ஓசையின்றிப் போகிற விருந்தாளியே நல்ல விருந்தாளி.

இத்தனையும் வெளியூராருக்குரிய செய்திகள். இனி உள்ளூர்க் கதைக்கு வருகிறேன். எனக்கு இதுவே முக்கியம்.

இதற்கு முன் நான் வேறொரு ஒன்றியத்தில் பணியாற்றினேன். அங்கும் இதுபோல ஒரு பக்கச் சாலை, இருபுறமும் புளியமரங்கள். அதை அகலப்படுத்தும்படி மனு வந்தது. மனுவில் கையெழுத்துகள் நிறைய இருந்தன. மதிப்பீடும் ஒழுங்காக இருந்தது. நானும் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டு அனுப்பினேன். சாலை போடப்பட்டது. பளபளவென்று இருந்தது. திறந்த அன்று எனக்கு மாலையும் போட்டார்கள். ஓராண்டுக்குள், இரண்டு நெடுஞ்சாலைகளுக்கு இடையே அது ஒரு குறுக்குவழி என்பதைச் சவுடு மண் ஏற்றும் லாரிகள் கண்டுகொண்டன. பிறகு ஒருநாள் அவ்வூருக்கு வீட்டு வரி தொடர்பாகச் சென்றேன். ஒரு வீட்டுத் திண்ணையோரம், பள்ளியில் விலையில்லாமல் கொடுத்த சைக்கிள் நின்றிருந்தது. அதன் கைப்பிடியில் ஒரு கோழி அடைந்திருந்தது. "சைக்கிள் பழுதாகிவிட்டதா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "சைக்கிளுக்கு ஒண்ணும் குறையில்ல சார். ரோடுதான் நல்லாயிடுச்சு" என்றார். அவருடைய மகள் பதினோராம் வகுப்பு. லாரிக்குப் பயந்து தாய் சைக்கிளில் அனுப்புவதில்லை. காலைப் பேருந்து வந்தால் பள்ளி, வராவிட்டால் வீடு.

அந்த மனிதர் என்னைக் குறைசொல்லவில்லை. கையெழுத்திட்டவன் நான் என்பதுகூட அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் பெண் அவ்வாண்டு எத்தனை நாள் பள்ளிக்குப் போனாள் என்பதை விசாரித்தறிய எனக்குத் துணிவு வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டில் பெண்களும் சைக்கிளும் சேர்ந்த வரலாறு எளிதாக வந்ததன்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டு தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், எழுத்தறிவோடு சைக்கிளும் கற்பிக்கப்பட்டது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். கல்குவாரித் தொழிலாளிகள், வயல் வேலைக்காரிகள், கிராமச் செவிலியர்கள் என ஆயிரக்கணக்கான பெண்கள் கேலியையும் பொருட்படுத்தாமல் சைக்கிள் ஏறினார்கள். பேருந்துக்காகக் காத்திருந்த நேரமெல்லாம் அவர்களுக்கு மிச்சமாயிற்று. பின்னர் 2001-02 ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. 2005-06 ஆம் ஆண்டில் அத்திட்டம் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஆக, அரசின் ஒரு கை சைக்கிளைக் கொடுக்கிறது. மற்றொரு கை, என்னைப் போன்றவர்களின் கையெழுத்தால், அதை ஓட்ட முடியாதபடி செய்துவிடக்கூடும்.

சாலையின் அகலத்தைப் பற்றிய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் ஒருவழித் தார்ப்பரப்பின் அகலம் 3.75 மீட்டர், போக்குவரத்து குறைந்த இடங்களில் 3 மீட்டரே போதும் என்று விதிகள் அனுமதிக்கின்றன. டிராக்டருக்கும், 108 ஆம்புலன்ஸுக்கும், சிற்றுந்துக்கும் அது போதும். சாலை கெடுவது அகலக் குறைவாலன்று, பாரத்தால். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். புதிதாகச் சாலை போட்டு, அதன்மீது லாரிகளை இடைவிடாது ஓட்டிப் பார்த்ததில் தெரியவந்தது இது: அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகிறது. இந்தக் கணக்குப்படி பார்த்தால், ஒரு பாரலாரி ஒருமுறை கடந்து போவதால் உண்டாகும் தேய்மானத்தை நம் ஊர்ச் சைக்கிள்களெல்லாம் சேர்ந்து பல தலைமுறை ஓடினாலும் உண்டாக்க முடியாது.

ஆனால் மனுக்கொடுத்தவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது முறையன்று. கதிர் அறுக்கும் இயந்திரம் வயலுக்கு வரவேண்டும். நெல் ஏற்ற லாரி வரவேண்டும். வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டர் எவ்வளவு உயரம் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே சாலை முகப்பில் குறுக்கே இரும்புச் சட்டம் நட்டு லாரியைத் தடுப்போம் என்றால் முதலில் அகப்பட்டுக்கொள்வது நம் வைக்கோல்தான். என் அலுவலகப் பொறியாளர் ஒருவர் இதற்காக அழகான வரைபடம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். வைக்கோல் வண்டி என்று நான் சொன்னதும் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எனக்குத் தோன்றும் வழி வேறு. பழவேற்காட்டு ஏரியில் மீனவ மக்களிடையே 'பாடு' என்றொரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களைச் சேர்ந்தவர்கள் இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பங்கிட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடுவதில்லை. இன்று அவருக்கு, நாளை இவருக்கு. அந்த முறையிலும் குறைகள் உண்டு. அதில் இடம்பெறாதவர்களுக்கு மனவருத்தமும் உண்டு. ஆயினும் ஒரு பொதுச் சொத்தைப் பலரும் நேரம் வகுத்துப் பயன்படுத்தலாம் என்பதற்கு நம் அருகிலேயே கிடைக்கும் சான்று அது. சாலைக்கும் ஒரு பாடு வகுத்தால் என்ன? பள்ளிக்கூட நேரமாகிய காலை இரண்டு மணியும் மாலை இரண்டு மணியும் கனரக வண்டி நுழையக்கூடாது. அறுவடைக் காலத்தில் முகப்பிலுள்ள கழற்றக்கூடிய தூணை எடுத்துவிடுவது. மற்றக் காலத்தில் நட்டுவைப்பது. சாவி ஊராட்சி அலுவலகத்தில் ஒன்று, பக்கத்து வீட்டில் ஒன்று. ஆம்புலன்ஸுக்குச் சாவி தேடும் நிலை வந்துவிடக்கூடாது என்பதால், அது கடந்து போகும் அகலத்தைத் தூணுக்குப் பக்கத்தில் விட்டேதான் நடவேண்டும்.

இனி, வழிகாட்டும் கற்களைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பெல்ஜியம் நாட்டின் லிம்பர்க் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டபின் அப்பகுதிக்கு வேறு பிழைப்புத் தேட வேண்டியிருந்தது. ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் 1995-ஆம் ஆண்டு வாக்கில் ஓர் எளிய யோசனையைச் செயற்படுத்தினார். சைக்கிளுக்கு ஏற்ற சிறு சாலைகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடந்தோறும் ஓர் எண் கொடுத்தார். 14-இலிருந்து 22-க்கும், 22-இலிருந்து 31-க்கும் என்று எண்களைக் குறித்துக்கொண்டால் போதும். ஊர்பேர் தெரியாதவனும், மொழி தெரியாதவனும் தன் விருப்பம்போல் நீண்ட வட்டமோ குறுகிய வட்டமோ அமைத்துக்கொண்டு போகலாம். பூமிக்கடியில் சுரங்கப் பாதைகளுக்கு எண்ணிட்டுப் பழகியவருக்கு இந்த எண்ணம் பிறந்தது. அங்கிருந்து அம்முறை அண்டை நாடான ஹாலந்து முழுவதும் பரவியது. 1613-ஆம் ஆண்டு பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையைக் கட்டியவர்கள் அந்த ஹாலந்துக்காரர்களே. அவர்களுடைய கல்லறைகள் இன்றும் பழவேற்காட்டில் இருக்கின்றன. செதுக்குவேலை மிகுந்த அக்கற்களைக் காணவும் சைக்கிள்காரர்கள் வருகிறார்கள். அன்று துணி வாங்க வந்தவர்களிடமிருந்து இன்று நாம் ஒரு யோசனையை விலையின்றி வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. சந்திகளில் ஏற்கெனவே இருக்கும் கல், மதகுச் சுவர், சிறுபாலத்துக் கைப்பிடி ஆகியவற்றில் வெள்ளையடித்து எண் எழுதினால் போதும். ஏரிக்கரையும் மதகும் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. அவர்களிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றபிறகே அங்கே தூரிகை எடுக்கவேண்டும். அந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன்.

எண் எழுதுவதைவிட அவசியமானவை வேறு சில உண்டு. சாலைப் புருவங்களில் வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கிறது. அதன் முள் ஒன்று போதும், பள்ளிப் பிள்ளையின் டயரும் வெளியூர்க்காரரின் விலையுயர்ந்த டயரும் ஒன்றாகவே இறங்கிவிடும். அதை வெட்டுவதோடு நில்லாமல் வேரோடு எடுக்கவேண்டும். வெட்டிய கிளையைச் சாலையிலேயே இழுத்துச் செல்வதை நிறுத்தவேண்டும். அடுத்து, வேகத்தடை. வீட்டுக்கு வீடு அவரவர் விருப்பப்படி சிமெண்டைக் குவித்து எழுப்பிய மேடுகள் லாரியைத் தடுப்பதில்லை. பின்சீட்டில் தம்பியை வைத்து ஓட்டும் பிள்ளையைத்தான் கீழே தள்ளுகின்றன. மூன்றாவதாக, சாலையில் நெல்லும் வைக்கோலும் காயப்போடுவது. களம் போதாமையால் செய்கிறீர்கள் என்று அறிவேன். அதற்குக் களம் கட்டித்தரும் பொறுப்பு எங்களுடையது. அது முடியும்வரை சாலையில் ஒரு பாதியையாவது விட்டுவையுங்கள்.

விருந்தினர் வருவதால் ஊர் செல்வத்தில் கொழிக்கும் என்று நான் ஆசைகாட்டப் போவதில்லை. தேநீரும் இட்டிலியும் நாலு தட்டு கூடுதலாக விற்கும். கோடையில் நுங்கு விற்கும். பஞ்சர் ஒட்டத் தெரிந்த பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கும். பழவேற்காட்டில் பனையோலைக் கூடை பின்னும் பெண்களின் கைவேலை இடைத்தரகரின்றி விலைபோகும். சுத்தமான கழிப்பிடம் ஒன்றைப் பெண்கள் குழு பராமரித்தால் அதற்கும் கட்டணம் வாங்கலாம். சைக்கிளில் வரும் பெண்கள் முதலில் விசாரிப்பது அதைத்தான். இவ்வளவே.

விருந்தினரை வரவழைத்துவிட்டு ஒழுங்கு செய்யாமல் விட்டால் என்னவாகும் என்பதையும் இந்த ஏரி கண்டிருக்கிறது. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகையால் சைக்கிள்காரர்களைப் படகில் ஏற்றிச் செல்லும் ஆசை யாருக்கேனும் இருந்தால், அனுமதியும் உயிர்காப்பு அங்கியும் இன்றி அதைத் தொடவே கூடாது. அவர்கள் பாலத்தின் மீதே போகட்டும்.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது கிராம சேவகர்கள் ஊர் ஊராகச் சைக்கிளில்தான் போனார்கள். வழியில் நிற்பார்கள், வரப்பில் இருப்பவரோடு பேசுவார்கள், வாய்க்கால் உடைந்திருந்தால் கண்ணில் படும். இன்று நான் ஜீப்பில் வருகிறேன். கண்ணாடி ஏற்றிய ஜீப்பிலிருந்து வாய்க்கால் உடைப்புத் தெரிவதில்லை. இந்தச் சாலையின் குண்டு குழிகளை எண்ணிச் சொல்லும்படி கேட்டால் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் சொல்வார்கள். என்னால் சொல்ல முடியாது.

ஆகவே ஒரு காரியம் செய்ய எண்ணியிருக்கிறேன். அகலப்படுத்துவதா, இருக்கிற அகலத்திலேயே செப்பனிடுவதா என்பதை நான் முடிவு செய்யப்போவதில்லை. அதைக் கிராம சபை முடிவு செய்யட்டும். தீர்மானம் எப்படி அமைந்தாலும் அதன்படி மதிப்பீடு தயாரிப்பேன். அதற்கு முன், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு இந்தப் பள்ளிக்கூட வாசலிலிருந்து சைக்கிளில் புறப்பட்டுப் பக்கச் சாலை முழுவதையும் சுற்றி வருவேன். மனுவில் கையெழுத்திட்டவர்களும் வரவேண்டும். வேண்டாம் என்றவர்களும் வரவேண்டும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் முன்னே போகட்டும். எங்கே பயமாக இருக்கிறது என்று அவர்களே நிறுத்திக் காட்டட்டும். அந்த இடங்களில் நான் சுண்ணாம்பால் குறியிடுகிறேன். அளவு நாடாவும் காற்றடிக்கும் பம்பும் கொண்டுவருகிறேன். சைக்கிள் மட்டும் எனக்கு ஒன்று இரவல் தரவேண்டும். சற்று உயரமான சீட்டாக இருந்தால் நலம்.